முதிய பூனையின் பசியும் நாயின் கழுத்துக் கட்டியும்

வயதான பூனை ஒன்று வயிறாரச் சாப்பிட்டும் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தால், முதுமை என்று சொல்லி அதை விட்டுவிடக் கூடாது. பூனை வளர்ப்பவர்கள் யாரைச் சந்தித்தாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நன்றாகச் சாப்பிடுகிற பிராணிக்கு நோய் இருக்காது என்றே நாம் நம்பிப் பழகிவிட்டோம். ஆனால் 10 வயதைக் கடந்த பூனைக்குத் திடீரென்று பசி கூடுவதே, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரக்கும் ஹைப்பர்தைராய்டிசம் என்ற நோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும்.

எங்கள் கறுப்பிக்கு இப்போது 14 வயது. தட்டைக் காலி செய்த கையோடு மறுபடியும் சமையலறை வாசலில் நின்று கத்துவதும், இரவெல்லாம் வீட்டைச் சுற்றி வருவதும், எப்போதும் நக்கிப் பளபளப்பாக வைத்திருக்கும் முடி முதுகில் திரிதிரியாகச் சிக்கிக் கிடப்பதும் கண்டு மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் கறுப்பியின் முகவாயை மெல்ல உயர்த்தி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மூச்சுக்குழாயின் இரு பக்கமும் வைத்து, குரல்வளையிலிருந்து மார்பெலும்பு வரை வழுக்கிக்கொண்டே இறக்கினார். ஓரிடத்தில் விரலுக்கடியில் பட்டாணி அளவில் ஏதோ நழுவியது. நலமான பூனையின் தைராய்டு கைக்குத் தட்டுப்படவே தட்டுப்படாது. அதன் பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். இந்த நோயில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 240-ஐக் கூடத் தாண்டிவிடும். இரத்தத்தில் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவு கூடுதலாக வந்ததும் நோய் உறுதியாயிற்று.

இந்நோய் பூனைகளுக்கு வரும் தனி நோயாக முதன்முதலில் விவரிக்கப்பட்டது 1979-இல்தான்; நியூயார்க்கில் கால்நடை மருத்துவர் மார்க் பீட்டர்சனும் அவருடைய சகாக்களும் அதை எடுத்துரைத்தார்கள். இன்று சில நாடுகளில் 10 வயதைத் தாண்டிய பூனைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு இது காணப்படுகிறது. டின்னில் அடைத்த உணவு, அதிலுள்ள அயோடினின் ஏற்ற இறக்கம், மெத்தைகளிலும் மின்சாதனங்களிலும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்கள் எனப் பலவற்றின் மீதும் சந்தேகம் உண்டு. எதுவும் தனிக் காரணமாக நிரூபிக்கப்படவில்லை.

கட்டி என்றதும் எல்லோருக்கும் புற்றுநோய் பற்றிய அச்சமே எழுகிறது. பூனைகளின் தைராய்டுக் கட்டிகளில் நூற்றுக்கு இரண்டு மூன்றைத் தவிர மற்றவை யாவும் பரவாத சாதாரணக் கட்டிகளே; பெரும்பாலும் சுரப்பியின் இரு மடல்களிலும் அவை இருக்கும். கட்டி பரவுவதில்லை என்பதால் நோய் சிறியது என்று எண்ணிவிடக் கூடாது. அது ஓயாமல் சுரக்கும் ஹார்மோன் தசையைக் கரைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றி, இதயத் தசையைத் தடிக்கச் செய்து, கவனிக்காமல் விட்டால் உயிரையே பறித்துவிடுகிறது.

சிகிச்சைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கதிரியக்க அயோடின். தோலுக்கடியில் ஒரே ஊசியாகச் செலுத்தப்படும் அயோடின் 131-ஐக் கட்டியின் செல்கள் பேராவலுடன் உறிஞ்சிக்கொண்டு அழிகின்றன. ஹார்மோன் மிகுதியால் ஏற்கெனவே ஓய்ந்து கிடக்கும் நல்ல திசுவோ அதை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாமல் தப்பிவிடுகிறது. பெரும்பாலான பூனைகள் இந்த ஓர் ஊசியிலேயே குணமடைகின்றன. ஆனால் அயோடின் 131-இன் அரை ஆயுள், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாட்கள் என்பதால், கதிரியக்கம் தணியும் வரை பூனையைத் தனிமையில் வைத்திருக்க வேண்டும். அதற்கான அனுமதியும் வசதியும் உள்ள சில மையங்களில் மட்டுமே இது நடக்கிறது. அறுவை சிகிச்சையும் உண்டு; நாங்கள் தேர்ந்தெடுத்தது மாத்திரையை.

மனிதர்களுக்குத் தரப்படும் கார்பிமசோல்தான் பூனைக்கும். உடலுக்குள் சென்றதும் அது மெத்திமசோலாக மாறி, புதிய ஹார்மோன் உருவாவதைத் தடுக்கிறது. கட்டியை அது சுருக்குவதில்லை. அதனால் ஆயுள் முழுவதும் கொடுத்து வர வேண்டும். முதல் மூன்று மாதங்களில் வாந்தி, முகத்தைப் பிறாண்டிக்கொள்ளும் அளவுக்கு அரிப்பு, அரிதாக இரத்த வெள்ளணுக் குறைவு ஆகியவை வரலாம் என்பதால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மாத்திரையை விழுங்க மறுக்கும் பூனைகளுக்கு அதே மருந்தைக் களிம்பாக்கிக் காது மடலின் உட்புறத்தில் தடவும் முறையும் இருக்கிறது. வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால், அவர் இந்த மருந்தை வெறுங்கையால் தொடவே கூடாது.

மாத்திரையிலிருந்து தொடங்குவதற்கு இன்னொரு வலுவான காரணம் சிறுநீரகம். தைராய்டு ஹார்மோன் மிகுந்திருக்கும்போது சிறுநீரகத்துக்குள் பாயும் இரத்தம் கூடுகிறது. தசை கரைந்துபோவதால், சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தில் அளக்கும் தசைக் கழிவான கிரியாட்டினினும் குறைவாகவே உருவாகிறது. ஆக, பழுதடைந்த சிறுநீரகம் கூடப் பரிசோதனைத் தாளில் நல்லதாகவே தெரியும். ஹார்மோன் இயல்புக்குத் திரும்பிய பிறகே உண்மை நிலை வெளிப்படும். சிகிச்சை சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது என்று சிலர் மனம் நொந்து பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அங்கே பெரும்பாலும் நடப்பது, மறைந்திருந்த நோய் வெளியே வருவதுதான். மாத்திரை என்றால் அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். அறுவை சிகிச்சையையும் கதிரியக்க அயோடினையும் அப்படித் திரும்பப் பெற முடியாது.

நாய்களுக்கு வரும்போது ஏறக்குறைய எல்லாமே மாறிவிடுகிறது. நாயின் கழுத்தில் தட்டுப்படும் தைராய்டுக் கட்டிகளில் பத்தில் ஒன்பது புற்றுநோயாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை ஹார்மோனை மிகையாகச் சுரப்பதில்லை. டி4 இயல்பாக இருக்கிறது என்ற ஒரு தாளை நம்பி நிம்மதியடைந்துவிட முடியாது என்பது இதனால்தான். பாக்ஸர், பீகிள், கோல்டன் ரெட்ரீவர் இனங்களில் இது கூடுதலாக வருகிறது. பட்டை மாட்டும்போதோ குளிப்பாட்டும்போதோ குரல்வளைக்குக் கீழே ஒரு பக்கமாக, வலியில்லாத, கெட்டியான வீக்கம் கைக்குப் படும். சிலவற்றில் இருமல் வரும், குரைப்பு கரகரக்கும், விழுங்கச் சிரமப்படும். வலி இல்லை என்பதாலேயே பலரும் அதைக் கொழுப்புக் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஏனெனில் கட்டி பெரிதாகப் பெரிதாக அது நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் பரவும் வாய்ப்பும் கூடுகிறது.

இக்கட்டிகளில் இரத்த ஓட்டம் மிக அதிகம். ஆகவே தடித்த ஊசியால் சதை எடுத்தால் இரத்தம் கொட்டக்கூடும். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி மெல்லிய ஊசியால் செல்களை மட்டும் எடுப்பதே வழக்கம். மருத்துவர் கட்டியைப் பிடித்து அசைத்துப் பார்ப்பதை எளிய சோதனையாக எண்ணிவிடக் கூடாது. தளர்வாக நகரும் கட்டியை அறுத்து அகற்றினால், நாய்கள் மூன்று ஆண்டுகள் அளவுக்கோ அதற்கு மேலோ நன்றாக வாழ்வது உண்டு. சுற்றியுள்ள தசையிலும் குழாய்களிலும் ஒட்டி இறுகிவிட்டதை முழுமையாக அகற்றுவது கடினம். அப்போது கதிர்வீச்சு சிகிச்சையை நாட வேண்டியிருக்கும். இரு மடல்களையும் எடுக்க நேர்ந்தால், அவற்றை ஒட்டியிருந்து இரத்தத்தின் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் போய்விடலாம் என்பதால், அடுத்த சில நாட்களுக்குக் கால்சியம் அளவை விடாமல் பார்த்து வருவார்கள்.

நாய்க்கு டி4 கூடுதலாக வருவது அரிது. வந்தால் கட்டியைத் தேடுவதற்கு முன் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்க வேண்டும். இறைச்சிக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தொண்டைப் பகுதியை வாங்கிப் பச்சையாகப் போடும் வீடுகள் உண்டு. மாட்டின் குரல்வளையோடு அதன் தைராய்டும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டால், அந்த ஹார்மோனே நாயின் இரத்தத்தில் ஏறி, உடல் மெலிவையும் படபடப்பையும் உண்டாக்குகிறது. அந்த உணவை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மறுபடி சோதித்தால் அளவு தானாகவே இறங்கியிருக்கும். இறங்கவில்லை என்றால், அதன் பிறகு கழுத்தையும் மார்பையும் ஸ்கேன் செய்து பார்ப்பதே முறை.