காலத்தொடர்ப் பொருத்தம்: தேர்வுக்கு முன் ஓர் அட்டவணையையாவது கையால் நிரப்புங்கள்

நேர வரிசையில் அமைந்த எண்களான இரண்டு காலத்தொடர்களைப் பொருத்தும் ‘டைனமிக் டைம் வார்ப்பிங்’ முறையைத் தேர்வுக்குப் படித்தபோது, சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொண்டு, பாடம் புரிந்துவிட்டதாகவே நம்பினேன். இந்த முறையில், வரிசை மாறாமல், ஒரு தொடரின் எண்ணை மற்றதன் ஒன்றோடோ பலவற்றோடோ சேர்க்கலாம்; சேரும் இரு எண்களின் வித்தியாசமே செலவு; மொத்தச் செலவு மிகக் குறைவாக வர வேண்டும். தேர்விலோ 0, 4, 0 என்ற தொடரை 0, 3, 0, 4, 0 என்ற தொடரோடு பொருத்தச் சொன்னார்கள். அடுத்த சேர்க்கைகளில் எது மலிவோ அதையே எடுத்துக்கொண்டு போனேன். முதல் தொடரின் 4, இரண்டாவதன் 3-உடன் சேர்ந்ததில் செலவு 1. அடுத்த 0, 0-உடன் சேர்ந்தது. அதோடு முதல் தொடர் தீர்ந்துவிட்டதால், மிஞ்சிய 4-ஐயும் அந்தக் கடைசி 0-உடனே சேர்க்க வேண்டியதாயிற்று. மொத்தம் 5. சரியான விடை 3. தொடக்க 0-வையே 0, 3, 0 ஆகிய மூன்றோடும் சேர்த்து, அந்த 3-ஐ முதலிலேயே செலவழித்துவிட்டால், எஞ்சியவை செலவின்றிப் பொருந்திவிடுகின்றன.

இந்தப் பிழையை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு அட்டவணை எதற்கென்று விளங்கிவிடும். ஒரு தொடரை நிரைகளுக்கும் மற்றதை நிரல்களுக்கும் இட்டு வரையும் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும், அங்கு சந்திக்கும் இரு எண்களின் வித்தியாசத்தோடு, மேலே, இடப்புறம், மேல் இடது மூலை ஆகிய மூன்று கட்டங்களில் மிகச் சிறிய மதிப்பைக் கூட்டி எழுதுகிறோம். ஆகவே எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அதுவரை வருவதற்கான மிகக் குறைந்த செலவு அதில் தயாராக இருக்கும். கூடுதலாக வரையும் எல்லை நிரையிலும் நிரலிலும், தொடக்க மூலையில் மட்டும் 0 இட்டு, மற்றவற்றில் முடிவிலியை எழுதுங்கள். எல்லை முழுவதும் 0 இட்டால் பொருத்தும் பாதை தொடரின் நடுவிலிருந்தும் தொடங்கிவிடலாம்; அது வேறொரு கணக்கு.

சகோயே, சிபா இருவரும் பேச்சறிதலுக்காக 1978-இல் வெளியிட்ட கட்டுரையால் அவர்கள் பெயரிலேயே அறியப்படும் பட்டைக் கட்டுப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். மூலைவிட்டத்தை ஒட்டிய கட்டங்களை மட்டும் நிரப்புவதால் வேலை குறைகிறது. ஆனால் பட்டை ஒரு பக்கம் அனுமதிக்கும் விலகல், தொடர்களின் நீள வித்தியாசத்தைவிடக் குறைவாக இருந்தால் கடைசிக் கட்டத்தை எட்டவே முடியாது. மேற்கண்ட கணக்கில் அந்த வித்தியாசம் 2.

நிரப்பும்போதே ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று சிறு அம்புக்குறி இட்டுவிடுங்கள். கடைசிக் கட்டத்திலிருந்து அம்புகளைப் பின்தொடர்ந்து, வழியிலுள்ள வித்தியாசங்களை மட்டும் கூட்டினால், கடைசிக் கட்டத்தின் எண்ணே வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு கட்டம் பிழை.