பந்தியில் தொலைந்த ரீடெய்னர்

இரண்டாவது முறையாகப் பல்லுக்கு கிளிப் போட்டுக் கழற்றி மூன்று மாதம் ஆகிறது. வயது 35. முதல் முறை 2008-ல், கல்லூரி முதலாண்டு. நான்கு பல்லைப் பிடுங்கி, இரண்டு வருடம் கம்பியை முறுக்கியதில் வரிசை அழகாகவே வந்தது. கழற்றிய அன்று, பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்க, கழற்றி மாட்டும் ஒரு ரீடெய்னரைக் கொடுத்து, "ஒரு வருஷம் போடுங்க, போதும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆறாவது மாதமே அதைத் தொலைத்தேன். உறவில் ஒரு கல்யாணம். சாப்பிடக் கழற்றி, டிஷ்யூவில் சுற்றி இலை ஓரமாக வைத்திருந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் மேசைக் காகிதத்தோடு இலைகளைச் சுருட்டி எடுத்துப் போய்விட்டார்கள். எச்சில் இலைக் குவியலில் எங்கே தேடுவது? புதிதாகச் செய்யக் காசு கேட்பார்களே என்று வீட்டில் வாயே திறக்கவில்லை.

முப்பதைத் தாண்டியதும் கீழ் முன்பற்கள் ஒன்றையொன்று நெருக்கி முறுக்கிக்கொண்டன. இடுக்கில் காரை படிந்து ஈறில் ரத்தம். அம்மா ஞானப்பல்தான் தள்ளுகிறது என்றார். புது டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நகர்த்திய பல்லை ஈறின் நார்கள் பழைய இடத்துக்கே இழுக்குமாம். கிளிப்பே போடாதவர்களுக்கும் வயதானால் கீழ்வரிசை நெருங்குமாம். ஆக, ஒரு வருடக் கணக்கெல்லாம் சும்மா.

எக்ஸ்ரேயில் இரண்டு பற்களின் வேர் குட்டையாகத் தெரிந்தது. கிளிப்பின் அழுத்தத்தால் வேர்நுனி கரைவது உண்டாம். என்னுடையது பிறவியிலேயே குட்டையா, முதல் சிகிச்சையில் கரைந்ததா என்று பார்க்கப் பழைய படம் வேண்டும் என்றார். லீவு போட்டு, பஸ்ஸில் மூன்று மணி நேரம் பழைய ஊருக்குப் போனேன். கிளினிக்கில் புதிதாக வந்த பெண் கம்ப்யூட்டரைக்கூடத் திருப்பிப் பார்க்காமல், "அவ்ளோ பழசெல்லாம் இருக்காது சார்" என்றார். அப்போது என் பல்வரிசையைப் பதித்து எடுத்த மாவு அச்சுகளையும் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். இதை போனிலேயே கேட்டிருக்கலாம், தப்பு என்மேல்தான்.

கடைசியில் படம் வீட்டிலேயே கிடைத்தது! பீரோவில் புடவைக்கு அடியில் அம்மா பத்திரமாக வைத்திருந்தார், கிளிப் போடுவதற்கு முன் எடுத்தது. அதில் வேர் முழு நீளம். முதல் சிகிச்சையில்தான் கரைந்திருக்க வேண்டும் என்று டாக்டர் இந்த முறை மிக மெதுவாக நகர்த்தினார். பத்து மாதம், பிரச்சினை இல்லை.

இப்போது கீழ்ப்பற்களின் பின்னால் ஒட்டிய கம்பி, மேலே இரவில் மாட்டும் ரீடெய்னர். எத்தனை நாளைக்கு என்றேன். "பல் இருக்கும்வரை." முதல் வாரமே ரீடெய்னரைச் சுடுதண்ணீரில் கழுவி வளைத்துவிட்டேன். பச்சைத் தண்ணீர்தான் சரி. இன்னொன்று, பின்கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுப் போனால் வலியே இருக்காது, பல் மட்டும் சத்தமில்லாமல் திரும்பிவிடும். வாரம் ஒருமுறை நாக்கால் தடவிப் பாருங்கள். போன வாரம் எனக்கு விட்டிருந்தது, மறுநாளே போய் ஒட்டிக்கொண்டேன். வரும்போது எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் செல்போனில் படமெடுத்து அம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.