வெண்கலக் காவலனின் வலது கை

ஜூன் 2
நான் நடத்தும் அடுத்த ஆட்டத்துக்கு ஒரு கோலெம் வேண்டும், அதாவது மந்திரத்தால் உயிர் பெற்ற உருவம். பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் (2014) இருப்பவை எனக்குப் பிடித்தவைதான். இரும்புக் கோலெமுக்கு 210 உயிர்ப்புள்ளி, அது தீரும்வரை அடிக்க வேண்டும். தீயால் தாக்கினால் காயம் ஆறிவிடும். களிமண் கோலெம் 60 புள்ளிக்கு இறங்கினால் வெறி பிடித்து அலையக்கூடும். ஆனால் எங்கள் குழுவுக்கு இதெல்லாம் மனப்பாடம். அதனால் சொந்தமாக ஒன்று செய்கிறேன்: பழைய அரசி ஒருத்தியின் கல்லறை வாசலில் நிற்கும் வெண்கலக் காவலன். உயிர்ப்புள்ளிக்குப் பத்துமுகப் பகடை 12 உருட்டி, கூட 48 சேர்க்க வேண்டும். சராசரி 114 உயிர்ப்புள்ளி. கவசம் 16, அதாவது அடி படத் தாக்குபவர் எட்ட வேண்டிய எண்.

ஜூன் 8
ஆடிப் பார்த்தோம். சரியாக வரவில்லை. காவலனுக்கு நஞ்சு ஏறாது, பயம் கிடையாது, மயக்கும் மந்திரம் பலிக்காது. மந்திரவாதியாக ஆடியவள் அன்று தயார் செய்து வந்ததே அந்த மாதிரி மந்திரங்களைத்தான். மூன்றாவது சுற்றிலேயே அவள் பகடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்துவிட்டாள். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் வெட்டினார்கள், வெட்டிக்கொண்டே இருந்தார்கள். அவளை அப்படி உட்கார வைத்தது இன்னும் மனதை உறுத்துகிறது.

ஜூன் 9
தூக்கம் வரவில்லை. கோலெம் யூதக் கதைகளிலிருந்து வந்தது. அவற்றில் சிலவற்றில் அதன் நெற்றியில் ‘எமெத்’ என்று எழுதியிருக்கும். உண்மை என்று பொருள். முதல் எழுத்தை அழித்தால் ‘மெத்’, அதாவது இறந்தது. யாரும் அதை அடித்து வீழ்த்துவதில்லை. ஒரு எழுத்தை அழிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் உயிர்ப்புள்ளியிலிருந்து தொடங்கியதுதான் தப்பு. இவனைச் செய்தவள் இவனிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாள்? அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

எழுதிவிட்டேன்: “விளக்கோடு வருபவரைக் கூட்டிப் போ. இருட்டில் வருபவரைத் தடு.”

ஜூன் 11
கட்டளை மட்டும் போதாது, ஆடுபவர்கள் அதைக் கண்டுபிடிக்க வழி வேண்டும். கல்வெட்டு வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அது விடையைக் கையில் கொடுப்பது. கடைசியில் அவன் உடம்பிலேயே வைத்தேன். உடல் முழுக்கப் பச்சைக் களிம்பு. வலது உள்ளங்கை மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். விரல் வைத்தால் கரி ஒட்டும். அஞ்சலி செலுத்த வந்தவர்களின் சுடர் காற்றில் அணையாமல் நூற்றாண்டுக் கணக்கில் பொத்திப் பிடித்த கை அது.

ஜூன் 15
பலித்தது! முதல் சுற்றில் அடி விழுந்தது. அப்புறம் அதே மந்திரவாதி, “ஒரு கை மட்டும் ஏன் கருப்பு?” என்று கேட்டாள். நான் கரியைப் பற்றி மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பையிலிருந்து மெழுகுவர்த்தியை எடுத்துப் பற்றவைப்பதாகச் சொன்னாள். ஓங்கிய கையைக் காவலன் மெல்ல இறக்கி, அவள் சுடரைச் சுற்றிக் குவித்தான். கோடாரிக்காரன் கையிலிருந்த பகடையை உருட்டாமலே கீழே வைத்தான்.

உள்ளே போகும் இடத்தில் ஆட்டத்தை நிறுத்தினேன்.

ஜூன் 16
விதிப்படி விளக்கு என்றால் ஒரு குடுவை எண்ணெயில் 6 மணி நேரம் எரியும். மெழுகுவர்த்தி 1 மணி நேரம்தான். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கல்லறைக்குள் மூன்று அறைகள் வரைந்து வைத்திருக்கிறேன், காவலன் அவர்கள் பின்னாலேயே நடந்து வருகிறான்.