கொடி இறங்கும் முன் முடிக்க வேண்டிய சட்ட வேலை

கடலூர் நீதிமன்றத்தின் வாரண்டில் இன்று புதுச்சேரியில் ஒருவரைக் கைது செய்தால், அந்த நீதிமன்றம் 30 கிலோமீட்டருக்குள் இருக்கும்பட்சத்தில் உள்ளூர் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தாமல் நேரே கொண்டுபோகலாம். 1954-க்கு முன்பு புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் இது இரண்டு அரசுகளின் விவகாரம். பிரிட்டிஷ் போலீசின் கைக்கு எட்டாத இடம் என்றுதான் 1908-இல் பாரதி இங்கே வந்தார்.

ஆட்சி மாறினாலும் திருட்டுக்கும் கடனுக்கும் உள்ள சட்டங்கள் பெரும்பாலும் அப்படியே ஓடும். குற்றவாளிகளை ஒப்படைக்கும் சட்டம் அப்படி ஓடாது. அது நிற்பதே வெளிநாட்டுடன் போட்ட ஒப்பந்தத்தின் மேல். கையெழுத்துப் போட்ட அரசு விலகினால் சட்டப் புத்தகத்தில் வெறும் எழுத்துதான் மிஞ்சும்.

ஹாங்காங் இதை முன்கூட்டியே கவனித்தது. 1997 ஜூலை 1-இல் சீனாவிடம் போகும்வரை பிரிட்டனின் ஒப்பந்தங்களே அங்கே செல்லுபடி. ஆகவே இரண்டு வேலைகள் செய்தாக வேண்டியிருந்தது. ஒன்று, சொந்தச் சட்டம்: 1997 ஏப்ரல் 25-இல் நடைமுறைக்கு வந்தது. மற்றது, நாடு நாடாகப் புது ஒப்பந்தம். பிரிட்டன் அதிகாரம் தர வேண்டும், சீனாவும் இரு நாடுகளின் கூட்டுக் குழுவில் சம்மதிக்க வேண்டும். நெதர்லாந்துடன் 1992-லேயே கையெழுத்தானது. இந்தியாவுடன் 1997 ஜூன் 28-இல்தான்.

கையெழுத்து ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அமெரிக்க ஒப்பந்தம் 1996 டிசம்பரில் கையெழுத்தாகியும் 1998 ஜனவரி 21-இல்தான் அமலுக்கு வந்தது. நடுவில் ஆறு மாதத்துக்கு மேல் வெற்றிடம்.

நிலுவை வழக்குகள் இன்னும் சிக்கலானவை. லஞ்ச வழக்கில் ஹாங்காங் தேடிய ஒருவர் பாஸ்டனில் பிடிபட்டார். ‘அமெரிக்கா பிரிட்டனுடன் போட்ட ஒப்பந்தத்தில் என்னை அனுப்பினால், விசாரிக்கப்போவது சீன ஆட்சியின் கீழுள்ள நீதிமன்றம்’ என்பது அவர் வாதம். கீழ்நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1997 மார்ச்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது: அனுப்பும் நாளில் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது, மற்றதை அரசு பார்த்துக்கொள்ளும். சட்டப்படி சரிதான். ஆனாலும் அந்த வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. ஒப்படைக்கப்பட்டவரைச் சொன்ன குற்றத்துக்கு மட்டுமே விசாரிக்கலாம், மூன்றாம் இடத்துக்கு மறுபடி அனுப்பக் கூடாது என்ற இரண்டு பிரிவுகளும் புது ஒப்பந்தங்களில் வலுவாக இருக்க வேண்டியது இதனால்தான்.

புதுச்சேரி விஷயத்தில் இந்தியாவும் பிரான்சும் நிலுவையைத் தெளிவாக எழுதிவைத்தன. 1954 நவம்பர் 1-க்கு முன் தொடங்கிய வழக்குகள் பழைய சட்டப்படியே தீரும். அதுவரை பழைய நீதிமன்றங்களும் இயங்கும். ஒப்படைப்பு மனுக்களுக்கும் இப்படி ஒரு குறிப்பிட்ட தேதி வைப்பதே நேர்மை.

ஹாங்காங் சட்டத்தில் ஓர் இடம் மட்டும் விடுபட்டது. சீனாவின் மற்றப் பகுதிகளுக்கு அது பொருந்தாது. தைவானில் 2018-இல் நடந்த கொலையில் சந்தேகப்பட்டவரை அங்கே அனுப்ப வழியில்லாமல் போனது. அதைக் காட்டி 2019-இல் வந்த மசோதா, சீனப் பெருநிலத்துக்கும் ஆட்களை அனுப்ப வழி திறக்கப் பார்த்தது. லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபரில் மசோதா திரும்பப் பெறப்பட்டது.