நல்லா வளையிற பிள்ளை

கொக்குவிலில் இருந்து வந்த அந்தப் பிள்ளைக்கு 16 வயது. ஆறு வயதில் இருந்து பரதம். கிளினிக் கொப்பி முழுக்க முழங்கால் நோ, கணுக்கால் சுளுக்கு, ஒருக்கால் தோள் விலகல். இடையில் முறிவு வைத்தியரிடம் புக்கையும் கட்டியிருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்றே எல்லாம் சரி. மூன்று வருடத்துக்கு முன் அதே கொப்பியில் "வளருற வயசு நோ" என்று எழுதி அனுப்பியது நான்தான். என் கையெழுத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மூட்டு எங்கே மடங்கவில்லை என்று தேடத்தான் எங்களுக்குக் கை பழகியிருக்கு. அளவுக்கு மிஞ்சி மடங்கினால் "நல்ல மூட்டு" என்று விட்டுவிடுகிறோம்.

மூட்டுகள் எவ்வளவு மிஞ்சி வளைகின்றன என்று புள்ளி போடுகிற பெய்ற்றன் சோதனைக்கு இரண்டு நிமிடம் காணும். சின்னவிரல்கள் பின்னால் 90 பாகையைத் தாண்டின. பெருவிரல்கள் முன்கையைத் தொட்டன. முழங்கால் இரண்டும், வலது முழங்கையும் 10 பாகைக்கு மேல் பின்பக்கம் வளைந்தன. காலை மடக்காமலே உள்ளங்கை நிலத்தில் படிந்தது. 9 புள்ளிக்கு 8. பருவமடைந்ததில் இருந்து 50 வயது வரை 5 புள்ளி காணும் என்கிறது, எலர்ஸ்-டான்லோஸ் என்ற பரம்பரை மூட்டுத் தளர்வு வருத்தத்துக்கான 2017 வகைப்பாடு. புள்ளி மட்டும் வருத்தமாகாது. நோவே இல்லாமல் வளைகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். நோ, திரும்பத் திரும்பச் சுளுக்கு, களைப்பு, எழும்பினால் தலைச்சுற்று என்று சேரும்போதுதான் யோசிக்கவேணும். மூட்டுத் தளர்வோடு கண்ணையும் இதயத்தையும் பாதிக்கிற மார்பன் நோயாக இருக்குமோ என்று விரல் நீளம், கண், இதயமும் பார்த்துக்கொண்டேன்.

"அப்ப நான் சாட்டுச் சொல்லேல்லைத்தானே, டொக்டர்?"

விளையாட்டுப் பாடத்தில் அவளுக்கு விழுந்திருந்த பெயர் அது.

மருந்தால் பெரிதாக ஆகாது. எலும்பை எலும்போடு கட்டிவைக்கிற இணையங்கள் தளர்ந்திருக்கிற இடத்தில் தசைதான் தாங்கவேணும். முழங்காலைப் பின்தள்ளிப் பூட்டி நிற்காதே, ஆருக்கும் வளைச்சுக் காட்டாதே என்றேன். பிசியோவில் ஒற்றைக்காலில் நிற்கப் பழக்கினார்கள். நடனத்தை நிற்பாட்டவில்லை, அரைமண்டியில் நிற்கிற நேரத்தைக் குறைத்து, தொடைத் தசையில் தாங்கச் சொன்னோம். நோ இல்லாத நாளில் இரண்டு மடங்கு ஆடிவிட்டு அடுத்த இரண்டு நாள் படுக்கிற பழக்கம்தான் லேசில் போகவில்லை. நாலு மாதத்தில் மாடிப்படியை நோவில்லாமல் ஏறுகிறாள்.

போன கிழமை, தாய் கதிரையில் இருந்தபடியே தன் பெருவிரலை மெல்ல மடக்கினா. முன்கையில் போய்ப் பட்டது. "எனக்கும் தோள் நோ கனகாலம். வயசெண்டு இருந்திட்டன்."

அவவுக்கும் ஒரு பிசியோ துண்டு எழுதினேன்.