பிஎச்.டி. இடம் தேடுகிறீர்களா? முடிவு யார் கையில் என்று முதலில் பாருங்கள்

பிஎச்.டி. இடம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தரவரிசையைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது பேராசிரியரா, துறைக் குழுவா என்பதுதான் அதைவிட முக்கியம். யாருக்கு எழுதுவது, எப்போது எழுதுவது, என்னென்ன அனுப்புவது எல்லாம் அதைப் பொறுத்தே மாறும்.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் போன்ற நாடுகளில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலை. புராஜெக்டுக்கு நிதி வந்ததும் விளம்பரம் வரும். அது எந்த மாதமும் இருக்கலாம். ஐரோப்பிய ஆய்வு வேலைகளைப் பட்டியலிடும் யூராக்ஸெஸ் தளத்தில் தேடலாம். ஆனால் ‘பிஎச்.டி.’ என்று மட்டும் தேடினால் பல இடங்கள் கண்ணில் படாது. ‘டாக்டரல் கேண்டிடேட்’, ‘டாக்டரல் ரிசர்ச்சர்’ என்றும் போட்டுப் பாருங்கள். விளம்பரத்தில் கட்டாயத் தகுதி என்று சொன்ன ஒவ்வொன்றுக்கும் கவர் லெட்டரில் ஒரு வரியாவது சான்று வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் இடங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது: பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வேலை இருக்கும் அதே நாட்டில் வசித்திருந்தால் பொதுவாகத் தகுதி கிடையாது. அங்கேயே முதுகலை முடித்தவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலும் குழுதான் முடிவெடுக்கும். கெடுவும் பெரும்பாலும் டிசம்பரை ஒட்டியே வரும். அங்கே பேராசிரியருக்கு மெயில் போடுவது, அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறாரா என்று தெரிந்துகொள்ளத்தான். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அட்மிஷன் வேறு, உதவித்தொகை வேறு. நிதி இல்லாத ஆஃபர் லெட்டரைப் பார்த்து இனிப்பு வாங்கிவிடாதீர்கள்.

பேராசிரியருக்கு எழுதும் மெயில் 200 சொல்லுக்குள் இருக்கட்டும். ‘உங்கள் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது’ என்ற வரி நூறு பேருக்கு அனுப்பியது என்று படித்ததுமே தெரிந்துவிடும். மாறாக, ‘உங்கள் கட்டுரையில் சென்சார் தரவை ஒரு மணி நேரச் சராசரியாக எடுத்திருக்கிறீர்கள், நான் பத்து நிமிடத் தரவில் பார்த்தபோது உச்ச அளவுகள் வேறு மாதிரி வந்தன’ என்று எழுதினால் பதில் சொல்ல அவருக்கு ஒரு விஷயம் கிடைக்கும். சிவியையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரே பிடிஎஃப்பாக, கோப்புப் பெயரில் உங்கள் பெயரோடு இணையுங்கள். இரண்டு வாரம் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள்.

நல்ல விண்ணப்பங்களும் கவிழும் இடம் பரிந்துரைக் கடிதம். சில போர்ட்டல்கள் பரிந்துரைப்பவரின் பெயரைச் சேர்த்தவுடன் அவருக்கு லிங்க் அனுப்பும். சில, நீங்கள் சப்மிட் அழுத்திய பிறகுதான் அனுப்பும். கடைசி நாள் இரவு அழுத்தினால் லிங்க் அவர் தூங்கும்போது போய்ச் சேரும், அதுவும் ஸ்பாம் பெட்டிக்கு. நான்கு வாரம் முன்பே கேளுங்கள். அவருடைய கல்லூரி மெயில் முகவரியையே கொடுங்கள். ஜிமெயில் முகவரியைச் சில போர்ட்டல்கள் ஏற்பதில்லை. கெடு நேரம் எந்த நாட்டு நேரம் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆஃபர் வந்தால், நிதி எத்தனை ஆண்டுக்கு, படிப்பு வழக்கமாக எத்தனை ஆண்டில் முடிகிறது, இடைவெளிக்கு யார் பொறுப்பு, வெளிநாட்டவருக்கான கூடுதல் கட்டணத்தை யார் கட்டுவது என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழிகாட்டி எப்படிப்பட்டவர் என்று அவருடைய இப்போதைய மாணவர்களிடம் போனில் விசாரியுங்கள். மெயிலில் யாரும் மனம் திறந்து எழுதமாட்டார்கள். பாதியில் விலகியவர் ஒருவர் கிடைத்தால் அவரிடமும் பேசிவிடுங்கள்.