முஸ்தபா பேக் முன்பே சொல்லியிருந்தார்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் வேலூர்ப் புரட்சி பாடம் வரும்போது, வேறு ஊர் ஆசிரியர்களுக்கு இல்லாத வசதி எனக்கு இருக்கிறது. சம்பவம் நடந்த இடத்தைப் படத்தில் காட்ட வேண்டியதில்லை. என் மாணவிகளில் பலர் கோட்டை அகழியை ஒட்டிய சாலை வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் வருகிறார்கள். மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூணைத் தாண்டித்தான் வீடு போகிறார்கள். கோட்டையிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த 1806 ஜூலை 10 என்ற தேதி அவர்களுக்குப் புதிதல்ல.

அண்மைக் காலமாக அவர்கள் கேட்கும் கேள்விகளின் போக்கு மாறியிருக்கிறது. முன்பெல்லாம் "இது ஏன் நடந்தது, மிஸ்?" என்று கேட்பார்கள். இப்போது "ஒரு நாள் முன்னதாக அங்கே போய்ச் சொல்லிவிட்டால் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்கிறார்கள். காரணம் கொரியத் தொடர்கள். இன்றைய பெண் ஒருத்தி மயங்கி விழுகிறாள், கண் விழித்தால் பழைய கொரியாவின் ஜோசன் அரண்மனை. கூடவே அரசன், பட்டுத் துணி, நஞ்சு கலந்த கிண்ணம். செல்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து, இல்லாத பிள்ளைகளுக்கு இடைவேளையில் கதை சொல்கிறார்கள். என் பாடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட விஷயம் என்பதால் நானும் பார்க்கத் தொடங்கினேன். இரவு விடைத்தாள் திருத்தி முடித்த பிறகு விரும்பித்தான் பார்க்கிறேன்.

இத்தகைய தொடர்களைக் குறை சொல்பவர்கள் வழக்கமாக உடையையும் நகையையும் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் இந்தப் பொத்தான் ஏது, இந்தக் கோப்பை ஏது என்பார்கள். அந்தக் கண்டிப்பு தேவைதான். நாளை யாராவது 1806 வேலூரை வைத்துத் தொடர் எடுத்தால், முதல் காட்சியிலேயே ஜலகண்டேஸ்வரர் கோயில் மணியை ஒலிக்கவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அப்போது அந்தக் கோயிலில் வழிபாடே கிடையாது. மூலவர் இல்லாமல் நெடுங்காலம் கிடந்து, 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் வந்து சேர்ந்தது. கோட்டைக்குள் இன்று நாம் பார்க்கும் தேவாலயமும் 1846இல் கட்டியது. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் இங்கே சிறைப்பட்டு வந்தது 1816இல். திப்புவின் பிள்ளைகளும் இதே கோட்டையில் காவலில் இருந்தவர்கள்தாம் என்றதும், "இரண்டு குடும்பமும் சந்தித்துப் பேசியிருக்குமா?" என்று ஒரு பெண் ஆவலோடு கேட்டாள். சந்திக்க வழியில்லை. புரட்சி முடிந்ததுமே திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பழையது என்றாலே எல்லாம் ஒரே காலம் என்ற எண்ணத்தைத் திரை எளிதாக விதைத்துவிடுகிறது. பிடுங்குவதற்கு எங்களுக்கு ஒரு பாடவேளை போகிறது.

ஆனாலும் பொத்தானும் மணியும் எனக்கு இரண்டாம் பட்சம். காலம் தாண்டிப் போகிறவளுக்கு முன்னால் அந்தக் காலத்து மனிதர்களை எப்படி நிறுத்துகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலான தொடர்களில் கடந்த காலம் நம் காலத்துப் பெண்ணைப் பார்த்து வியப்பதற்காகவே காத்திருக்கிறது. அவள் சமைத்தால் அரசன் வாயடைத்துப் போகிறான். அவள் பேசினால் மந்திரிக்குப் பதில் தெரிவதில்லை. அவளுக்குத் தெரிந்த அறிவு அவர்களுக்கு இல்லை என்று காட்டட்டும், அது நியாயம். அவர்களுக்குத் தெரிந்த ஒன்று அவளுக்குத் தெரியவில்லை என்று எத்தனை காட்சிகளில் காட்டுகிறார்கள்?

2025இல் என் மாணவிகள் கொண்டாடிய 'பான் அபெட்டிட், யுவர் மெஜஸ்டி' தொடரில், பிரெஞ்சுச் சமையல் தெரிந்த இன்றைய பெண் ஒரு கொடுங்கோல் அரசனிடம் போய்ச் சேர்கிறாள். அந்தப் பாத்திரத்துக்கு மூலம் 1494 முதல் 1506 வரை ஆண்ட யொன்சான்குன். 1498இலும் 1504இலும் கற்றறிந்தவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றும் நாடு கடத்தியும் வதைத்து, முடிவில் அரியணையிலிருந்து இறக்கப்பட்டவர். தொடரில் பெயரை மாற்றிவிட்டார்கள். பெயர் மாறினால் அவனைக் காதலிக்கலாம். கற்பனைக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் கொல்லப்பட்டவர்களின் தரப்பு அந்தக் காதலுக்குப் பின்னால் மங்கிப் போகிறது. இதை வகுப்பில் சொன்னபோது சில பெண்களுக்கு முகம் வாடியது. சொல்லாமல் விடுவது சரியாக இருந்திருக்காது.

சீனாவில் 2011இல் ஒளிபரப்பை மேற்பார்வையிடும் அரசு அமைப்பு, வரலாற்றை அலட்சியமாகக் கையாள்கின்றன என்று காலப் பயணத் தொடர்களைக் கண்டித்தது. அப்படி மேலிருந்து அடக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அடக்கியிருந்தால் என் வகுப்பில் அந்தக் கேள்விகளே எழுந்திருக்காது.

பிபிசியின் காலப் பயணத் தொடரான 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியபோது, குழந்தைகளுக்கு வரலாறும் அறிவியலும் போய்ச் சேர வேண்டும் என்பதும் அதன் நோக்கமாக இருந்தது. அதனால்தான் முதல் பயணிகளில் இருவர் பள்ளி ஆசிரியர்கள், அதில் ஒருவர் வரலாற்று ஆசிரியை. என் தொழில்காரி என்பதால் பார்பரா என்ற அந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். 1964இல் வந்த 'தி அஸ்டெக்ஸ்' கதையில் அஸ்டெக் மக்கள் அவளைத் தெய்வமாக எண்ணிக்கொள்கிறார்கள். அந்த அதிகாரத்தைக் கொண்டு நரபலியை நிறுத்திவிட முயல்கிறாள். முடிவதில்லை. கெட்டவர்கள் தடுத்தார்கள் என்பது மட்டும் காரணமல்ல. பலியாகப் போகிறவனே அதைப் பெருமையாக நினைக்கிறான், அவள் தடுத்ததை அவமானமாக எடுத்துக்கொள்கிறான். பலியை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒரு சமூகம் நம்பியதை, அதை நம்பியவர்களின் நெஞ்சுக்குள் நின்று காட்ட ஒரு குழந்தைகள் தொடருக்குத் துணிச்சல் இருந்தது. 1967க்குப் பிறகு அதே தொடரில் வரலாற்றை மட்டும் நம்பி எடுத்த கதை அநேகமாக மறைந்துபோனது. எந்தக் காலத்துக்குப் போனாலும் வேற்றுக்கிரக உயிர் ஒன்று கூடவே வந்துவிட்டது.

அப்படி வந்ததிலும் என்னை உலுக்கியது 2018இல் வினய் படேல் எழுதிய 'டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்'. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த யாஸ் தன் பாட்டியின் இளமையைப் பார்க்க ஆசைப்பட்டு, 1947 ஆகஸ்டில் பஞ்சாபுக்குப் போய் நிற்கிறாள். பாட்டி முஸ்லிம், மாப்பிள்ளை இந்து. கல்யாணம் நடக்கிறது. அதே நாளில் மாப்பிள்ளை கொல்லப்படுகிறான், கொல்ல வந்த கூட்டத்தோடு நிற்பது அவன் சொந்தத் தம்பி. எல்லாம் தெரிந்த பயணிகள் விலகி நடக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவன் பிழைத்தால் யாஸ் பிறக்கவே மாட்டாள். அரக்கர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட வேற்றுக்கிரகத்தார், தனியாகச் சாகிறவர்களுக்குச் சாட்சியாக நிற்க வந்தவர்கள் என்று பின்னர் தெரிகிறது. வரலாறு கற்பிப்பவர்கள் செய்ய வேண்டிய வேலையும் அதுவே என்று அன்றிரவு எனக்குத் தோன்றியது, இன்றும் அதை நம்புகிறேன்.

இனி எங்கள் ஊர்க் கதை. 'ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சொல்வேன்' என்ற பெண்ணிடம், "யாரிடம் சொல்வாய்?" என்று கேட்டேன். "சிப்பாய்களிடம். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வருவார், வாசலை அடைத்து வையுங்கள் என்பேன்." பின்வரிசையில் ஒருத்தி எழுந்து, கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டின் மனைவியிடம் சொல்வேன் என்றாள். "குழந்தைகள் இருக்கிறார்களே, மிஸ்." ஃபேன்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். அவர் மனைவி பிள்ளைகளோடு ஒளிந்திருந்து தப்பி, அந்த இரவைப் பற்றிப் பின்னர் எழுதி வைத்தார். காலம் கடந்து போகிறவள் முதலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது வகுப்புக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது.

பிறகு முஸ்தபா பேக்கைப் பற்றிச் சொன்னேன். எச்சரிக்க எதிர்காலத்திலிருந்து யாரும் வரத் தேவையிருக்கவில்லை. 1806 ஜூன் 17 அன்றே, சதி நடக்கிறது என்று இந்தச் சிப்பாய் தன் ஆங்கிலேய மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே போனது. இவன் சொல்வதை நம்பாதீர்கள், புத்தி பேதலித்தவன் என்று சொல்லி அவர்கள் அவரைக் காவலில் போட வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து அவர் சொன்னபடியே நடந்தது. அதன் பிறகு அரசு அவரைத் தேடிப் பரிசும் ஓய்வூதியமும் கொடுத்தது.

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. காட்டிக்கொடுத்தவர் என்றார்கள் சிலர். பல உயிர்களைக் காப்பாற்றப் பார்த்தவர் என்றார்கள் மற்றவர்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. மே மாதத்தில் புதிய தலைப்பாகையை மறுத்தவர்களில் இருவருக்கு ஆளுக்கு 900 கசையடி தீர்ப்பானதை நினைவூட்டினேன். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, தோல் பதித்த தொப்பி போன்ற தலைப்பாகையை அணிந்தே தீர வேண்டும் என்ற ஆணைகளின் கீழ் அந்த மனிதர்கள் வாழ்ந்ததைச் சொன்னேன். அவர்களுக்கு 1857 தெரியாது, 1947 தெரியாது. மறுநாள் காலை பத்து மணிக்கு என்ன ஆகும் என்பதுகூடத் தெரியாது.

இதை வைத்து ஒரு எழுத்துப் பயிற்சி கொடுத்தேன். ஜூலை 9 மாலையில் வேலூரில் இருந்த யாரேனும் ஒருவராக நின்று எழுத வேண்டும். அந்த மாலை வரை அவருக்குத் தெரிந்ததை மட்டுமே எழுதலாம். 'இந்தியாவின் முதல் புரட்சி' என்று யாராவது எழுதினால் அந்த வரியை அடித்துவிடுவேன். ஒரு பெண், ஆணைப்படி சிப்பாய்களின் தாடியை மழிக்க வேண்டிய நாவிதராக எழுதினாள். கத்தி தீட்டும்போது எதிரே உட்கார்ந்தவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கூலி வாங்கத் தயக்கமாக இருக்கிறது, வாங்காவிட்டால் வீட்டில் அரிசி இல்லை. வேறொருத்தி, முஸ்தபா பேக்கைப் பைத்தியம் என்று சொன்ன அதிகாரியாக எழுதினாள். 'அவன் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும்' என்பது அவளுடைய முதல் வரி. எந்தத் தொடரிலும் நான் காணாத கடந்த காலம் அந்தத் தாள்களில் இருந்தது.

தேர்வில் இதற்கு மதிப்பெண் இல்லை. அங்கே காரணங்களை வரிசையாக எழுதினால் போதும், அதையும் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறேன்.

அடுத்த ஆண்டு பேட்டையிலிருந்து தொடங்கச் சொல்லப்போகிறேன். சிப்பாய்களின் குடும்பங்கள் கோட்டைக்கு வெளியே பேட்டையில்தான் இருந்தன. விடியலில் கவாத்து என்பதால் அன்றிரவு ஆண்கள் கோட்டைக்குள் தங்கினார்கள். காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்த பெண்களுக்கு யார் வந்து சொன்னார்கள் என்பதுதான் முதல் கேள்வி.